முக்திநாத் போகிறவர்களுக்கு: எந்த விமானத்தில் எந்தப் பக்கம் ஜன்னல்?

சென்னையிலிருந்து நேபாளத்தில் உள்ள முக்திநாத் கோயிலுக்குப் பெரும்பகுதி தூரத்தை விமானத்திலேயே கடப்பதென்றால் வழக்கமாக நான்கு விமானங்கள் ஏற வேண்டும். சென்னை–தில்லி, தில்லி–காத்மாண்டு, காத்மாண்டு–பொக்காரா, பொக்காரா–ஜோம்சோம். முதல் விமானத்தை விட்டுவிடுங்கள். மற்ற மூன்றிலும் வானம் தெளிவாக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே இமயமலை வரும். ஆனால் அந்த மூன்றில் முதல் இரண்டில் ஒரு பக்கத்து ஜன்னலில்தான் வரும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்கள் உத்தரப் பிரதேசத்து வயல்களைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

எங்கள் குழுவில் வயதானவர்கள் அதிகம். எல்லோருக்கும் விண்டோ சீட் வேண்டும் என்று கேட்டதும், டிக்கெட் போட்ட ஏஜென்ட் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு விண்டோ சீட்டே போட்டுக் கொடுத்தார். தில்லி–காத்மாண்டு போகும்போது எல்லாம் வலப்பக்கம், வரும்போது எல்லாம் இடப்பக்கம். அதாவது இரண்டு முறையும் மலைக்கு முதுகு. அதற்கப்புறம் ஒவ்வொரு கவுன்டரிலும் கெஞ்சி, பக்கத்துச் சீட்காரரிடம் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்தோம். விமான நிறுவனத்தின் தளத்தில் ‘ஜன்னல்’ என்று மட்டும்தான் போட்டிருக்கும். மலை எந்த ஜன்னலில் என்பதை நீங்கள்தான் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. முதலில் திசை, பிறகு சீட்

நேபாளத்தில் பனிமலைத் தொடர் நாட்டின் வடக்கு ஓரமாக, கிழக்கு மேற்காக ஓடுகிறது. நீங்கள் பறப்பது அதற்குத் தெற்கே. எனவே கிழக்கே போனால் மலை இடக்கைப் பக்கம், மேற்கே போனால் வலக்கைப் பக்கம். இது ஒன்று மனதில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம்.

தில்லி–காத்மாண்டு கிழக்கே போகும் விமானம்: இடப்பக்கம். திரும்பும்போது வலப்பக்கம்.

காத்மாண்டு–பொக்காரா மேற்கே போகிறது: வலப்பக்கம். திரும்பும்போது இடப்பக்கம்.

பொக்காரா–ஜோம்சோம் கதை வேறு. அங்கே மலைக்குத் தெற்கே போவதில்லை, மலைகளுக்கு நடுவே போகிறது. அதை எட்டாவது படியில் சொல்கிறேன்.

தில்லி வழியாகப் போகாதவர்களும் உண்டு. கொல்கத்தாவிலிருந்து காத்மாண்டு போகும் விமானம் வடமேற்காகப் போகிறது. எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா எல்லாம் வலப்பக்கம். மும்பையிலிருந்து வடகிழக்காகப் போகிறது; இடப்பக்கம் எடுங்கள். பெங்களூரிலிருந்து நேர் விமானம் கிடைத்தால் அது ஏறக்குறைய வடக்கு நோக்கியே போகும். மலை விமானத்தின் மூக்குக்கு நேரே இருக்கும், கடைசி அரை மணி நேரத்தில்தான் பக்கவாட்டில் கொஞ்சம் தெரியும். இடப்பக்கத்தில் அன்னபூர்ணா, மனாஸ்லு. வலப்பக்கத்தில் தூரத்தில் எவரெஸ்ட் பக்கத்து மலைகள். அந்த விமானத்தில் சீட்டுக்காகத் தனிப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன்.

சந்தேகம் இருந்தால் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடந்த சில நாட்களில் அந்த விமானம் எந்தப் பாதையில் போனது, எந்த ரக விமானம் வந்தது என்று இரண்டுமே தெரியும். அந்த ரகம் அடுத்த படிகளில் தேவைப்படும்.

2. மாதமும் நேரமும் சரியில்லாவிட்டால் சீட்டால் பயனில்லை

மலை பார்க்கச் சிறந்த மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். மழைக்காலம் முடிந்து காற்று கழுவி விட்டதுபோல இருக்கும். ஆனால் நேபாளத்தின் பெரிய பண்டிகைகளான தசைனும் திகாரும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் வருகின்றன. உள்நாட்டு விமானத்தில் இடம் கிடைப்பது கடினம். இந்த மாதங்களில் போவதானால் காத்மாண்டு–பொக்காரா, பொக்காரா–ஜோம்சோம் டிக்கெட்டை முதலில் உறுதி செய்துவிட்டு, அப்புறம் தில்லி–காத்மாண்டு எடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரியிலும் மலை தெளிவாகத் தெரியும். சிக்கல் தில்லியில்தான். அதிகாலை மூடுபனியில் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த மாதங்களில் தில்லியிலிருந்து காலை 6, 7 மணி விமானத்தை எடுக்காமல் முற்பகல் 11 மணிக்கு மேல் கிளம்புவதை எடுங்கள். பகல் ஏற ஏற மலைமேல் மேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் குளிர்காலத்தில் அது கொஞ்சம் குறைவு.

மார்ச் முதல் மே வரை முக்திநாத்துக்குக் கூட்டம் அதிகம். மலைக்காட்சிக்கு இது இரண்டாம் தரம். ஏப்ரலில் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து அடிவானம் பழுப்பாக இருக்கும். உயரத்தில் பறக்கும் தில்லி விமானத்திலிருந்து இந்தப் படலத்துக்கு மேலே சிகரங்கள் தெரியக்கூடும். தாழப் பறக்கும் பொக்காரா விமானத்தில் அந்த நம்பிக்கை வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழை. அப்போது சீட்டுக்காக ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

எந்த மாதமானாலும் ஒரு வசதி இருக்கிறது. மலை வடக்கே, சூரியன் பெரும்பாலும் தெற்கே. அதனால் மலைப் பக்கத்து ஜன்னலில் வெயில் முகத்தில் அடிக்காது. மலையின் உங்களைப் பார்த்த முகத்தில்தான் வெளிச்சம் விழும். படமும் நன்றாக வரும், ஷட்டரை இறக்கச் சொல்லிப் பின்சீட்டிலிருந்து யாரும் முணுமுணுக்கவும் மாட்டார்கள்.

3. தில்லி–காத்மாண்டு: எந்த வரிசை?

இந்தப் பாதையில் ஓடுபவை பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 குடும்பமும் போயிங் 737உம். இரண்டிலும் ஒரு வரிசையில் ஆறு சீட். இடது ஓரம் ஏ, வலது ஓரம் எஃப். போகும்போது ஏ, வரும்போது எஃப். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஏஜென்ட்டிடம் பேசுங்கள்.

அடுத்தது இறக்கை. ஏ320இல் ஏறக்குறைய 9ஆம் வரிசையிலிருந்து 20ஆம் வரிசை வரை ஜன்னலுக்குக் கீழே இறக்கைதான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டிய மலை அடிவானத்தில் இருப்பதால் முழுக்க மறைந்துவிடாது. ஆனால் கீழ்ப்பாதியை இறக்கை எடுத்துக்கொள்ளும். 12, 13 போன்ற அவசர வழி வரிசைகளுக்குக் கால் நீட்ட இடம் உண்டு என்று அதிகப் பணம் வாங்குவார்கள். மலை பார்ப்பதற்கு அது வீண் செலவு. போதாததற்கு அங்கே வயதானவர்களையும் குழந்தைகளையும் உட்கார விடமாட்டார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வாசலில் சீட் மாற்ற வேண்டியிருக்கும்.

நல்ல இடம் 3 முதல் 7 வரை. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் முன்னால் இருப்பதால் பார்வை தடையில்லாமல் இருக்கும். கடைசியில் விமானம் மாறி ஏ321 வந்தாலும் இந்த வரிசைகள் தப்பிவிடும். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் 23க்குப் பின்னால் போங்கள். அங்கேயும் காட்சி நன்றாகத்தான் இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்று முன்பக்கப் பார்வையை லேசாகக் கலங்கடிக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, கேமராவில் தெரியும். கடைசி வரிசையைத் தவிருங்கள். பல விமானங்களில் சீட் சாயாது.

ஒரு பொறி இருக்கிறது. ஜன்னல் ஓரச் சீட் என்று விற்கப்படும் எல்லாவற்றுக்கும் ஜன்னல் இருப்பதில்லை. 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஏசி குழாய் மேலேறும் இடத்தில் ஒரு வரிசைக்கு வெறும் சுவர்தான். ஏ320இலும் சில வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னால் போய்விடும். ஏரோலோபா என்ற தளத்தில் விமான நிறுவனம் வாரியாக வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் நேரே ஜன்னல் எங்கே வருகிறது என்று அதில் வரைந்தே காட்டியிருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

4. எப்போது வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

சீட் தேர்வுக்கு மூன்று சந்தர்ப்பம் உண்டு: டிக்கெட் எடுக்கும்போது, வெப் செக்-இன் திறக்கும்போது, கவுன்டரில்.

டிக்கெட் எடுக்கும்போதே வாங்கினால் சில நூறு ரூபாயில் தொடங்கி, முன்வரிசைகளுக்கு ஆயிரத்தைத் தாண்டும். இது நாளுக்கு நாள் மாறும் என்பதால் தொகை சொல்லிப் பயனில்லை. முழுச்சேவை நிறுவனங்களில் சில கட்டண வகைகளுக்குச் சீட் தேர்வு இலவசம். வெறும் டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிடாமல் சீட்டையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில சமயம் மலிவாக இருக்காது.

வெப் செக்-இன் பெரும்பாலும் 48 அல்லது 24 மணி நேரத்துக்கு முன்பு திறக்கும். அந்த நேரத்தை அலைபேசியில் அலாரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பின்வரிசையில் இலவசமாகவோ குறைந்த பணத்துக்கோ ஏ கிடைக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கணினி தானே ஒரு சீட் போட்டுவிடும். பெரும்பாலும் நடுச்சீட்.

என் கருத்து இதுதான்: குழுவாகப் போனால் எல்லோருக்கும் விண்டோ வாங்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு ஏ, பக்கத்தில் ஒரு பி. பாதி வழியில் மாறி உட்காருங்கள். மலை ஒரு நிமிடத்தில் ஓடிப்போவதில்லை; நேரம் இருக்கிறது. பணம் குறையும், ஜோடிகளும் பிரிய மாட்டார்கள்.

சென்னை–தில்லி விமானத்தில் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடைபாதை ஓரம் உட்கார்ந்தால் கழிப்பறைக்குப் போய்வர வசதி. அந்தப் பணத்தை அடுத்த விமானத்தின் சீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டி வாங்கிய சீட்டை நிறுவனமே மாற்றிவிட்டால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். ரசீதில் சீட் கட்டணம் தனி வரியாக இருக்கும். அதையும் பழைய, புதிய போர்டிங் பாஸ்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வழியாக எடுத்தவர்கள் பி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, வாரம் ஒருமுறை நீங்களே தளத்தில் போய்ப் பாருங்கள். விமான ரகம் மாறும்போது சீட் எண்கள் சத்தமில்லாமல் மாறிவிடுகின்றன.

5. தில்லி கவுன்டர்: ஆவணம் தவறினால் சீட்டும் இல்லை, பயணமும் இல்லை

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போக இரண்டில் ஒன்று வேண்டும்: செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அடையாள அட்டை. அசலாக. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. இதில் வயது விலக்கு உண்டு: 65 வயதைத் தாண்டியவர்களும் 15 வயதுக்குக் குறைந்தவர்களும் வயதையும் அடையாளத்தையும் காட்டும் படத்துடன்கூடிய ஆதார் போன்ற ஆவணத்தோடு போகலாம். 15 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்றிதழ் போதும். இத்தனை நுணுக்கம் எதற்கு, பாஸ்போர்ட் இருந்தால் அதையே எடுத்துப் போங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர் தலைப்பெழுத்துக் குழப்பம் அங்கே உள்ளவர்களுக்குப் புரியாது.

இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் காத்மாண்டு விமான நிலையத்திலேயே விசா. சார்க் நாட்டவர் என்பதால் ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் வரை கட்டணம் இல்லை. மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்கு 15 நாள் விசா 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். இவர்கள் விசா வரிசையில் நின்று வெளியே வரவே நேரமாகும். அதே நாளில் பொக்காரா விமானம் போட வேண்டாம்.

தில்லியில் சர்வதேச விமானங்கள் டெர்மினல் 3இலிருந்து கிளம்புகின்றன. சென்னையிலிருந்து வரும் உங்கள் விமானம் டெர்மினல் 1இல் இறங்கினால் வெளியே வந்து பேருந்தோ டாக்சியோ பிடித்துத்தான் போக முடியும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். நான்கு, ஐந்து மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே கவுன்டரை மூடிவிடக்கூடும்.

சீட் இன்னும் சரியாகாதவர்கள் கவுன்டரில் ‘விண்டோ’ என்று கேட்காமல் ‘இடது பக்கம், ஏ’ என்று கேளுங்கள். விண்டோ என்று கேட்டால் கையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள்.

6. விமானத்துக்குள்: எதை எதிர்பார்க்கலாம்

பயண நேரம் ஒன்றே முக்கால் முதல் இரண்டு மணி வரை. நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் இருப்பதால் டிக்கெட்டில் போட்ட வருகை நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கொஞ்சம் இடிக்கும்.

சிகரங்களுக்கு மேலே பறப்பதாக நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள். விமானம் போவது சமவெளிக்கு மேலே. மலைத்தொடர் சில இடங்களில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. முதலில் அடிவானத்தில் ஒரு வெள்ளைக் கோடு, மேகமா மலையா என்று தெரியாது. கோட்டின் மேல்விளிம்பு பல்லுப்பல்லாக, அசையாமல் இருந்தால் மலை. காற்று தெளிவான நாளில் கிளம்பி அரை மணிக்குள் நந்தா தேவிப் பக்கத்து மலைகளே தெரியத் தொடங்கிவிடும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். நடுவழி தாண்டிய பின் தனியாக, அகலமாக ஒரு பெரிய மலை வரும். அது தௌலாகிரி, 8167 மீட்டர். அதற்கு வலப்புறம் ஆழமான ஓர் இடைவெளி, காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு. நீங்கள் போகப்போகும் முக்திநாத் அந்த இடைவெளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அடுத்து அன்னபூர்ணா (8091), அதன் பின் மனாஸ்லு (8163), அப்புறம் கணேஷ் ஹிமால். சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் தௌலாகிரி வரும் நேரத்துக்குத்தான் வருகிறது. முன்பே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

காத்மாண்டுவில் ஓடுபாதை ஒன்றுதான். இறங்க வரிசை நிற்கும் நேரங்களில் விமானம் வட்டமடிக்கும். அப்போது வலப்பக்கத்துக்காரர்களுக்கும் அதிர்ஷ்டம் அடிக்கும். எவரெஸ்ட் பக்கத்து மலைகளும் கண்ணில் படலாம். தாமதம் என்று எரிச்சலோடு ஷட்டரை இறக்கிவிடாதீர்கள்.

படமெடுக்க: ஜன்னலின் உள்பக்கத்தை மென்மையான துணியால் துடையுங்கள். அலைபேசியின் கண்ணை ஜன்னலுக்கு மிக அருகே கொண்டுபோங்கள், உள்ளே உள்ள விளக்குகள் பிரதிபலிக்காது. ஃப்ளாஷ் வேண்டாம். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் ஜன்னலில் வானவில் நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், கழற்றிவிடுங்கள்.

7. காத்மாண்டு–பொக்காரா: வலப்பக்கம், பின்வரிசை

உண்மையில் மலைக்காக ஒரே ஒரு விமானத்தில் நல்ல சீட் கிடைக்கும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். இருபத்தைந்து நிமிடம்தான். ஆனால் தாழ்வாகவும் நெருக்கமாகவும் பறப்பதால் சிகரங்கள் உங்கள் கண்ணுக்குச் சமமாகவோ மேலேயோ நிற்கும். மனாஸ்லு, ஹிமால்சூலி, அன்னபூர்ணா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பொக்காரா நெருங்கும்போது மச்சபுச்சரே (6993) மீன்வால் சிகரத்தோடு தனியாக நிற்கும்.

விமானம் பெரும்பாலும் ஏடிஆர் 72. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் அது மறைக்காது. மறைப்பது எஞ்சினும் சுழலும் விசிறியும்; அவை முன்பாதியில் இருக்கின்றன. எனவே பின்வரிசை. பயணிகள் ஏறும் கதவும் பின்பக்கம்தான், வசதி.

சிக்கல் என்னவென்றால் இங்கே முன்கூட்டியே சீட் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முடியாது. கவுன்டரில் கொடுப்பதுதான். சில நிறுவனங்கள் போர்டிங் பாஸில் சீட் எண்ணே போடுவதில்லை. முதலில் ஏறியவர் பிடித்த இடம். ஒரு மணி நேரத்துக்கு முன்பே போய், ‘ஹிமால் தேக்கினே சைடு’ என்று கேளுங்கள். மலை தெரியும் பக்கம் என்று பொருள். சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். எண் இல்லாவிட்டால் விமானத்துக்குக் கொண்டுபோகும் பேருந்தில் கதவோரம் நில்லுங்கள்.

உள்நாட்டு முனையம் தனிக் கட்டடம். சர்வதேச முனையத்திலிருந்து சில நிமிட நடை. நேபாள உள்நாட்டு விமானங்களில் நேபாளியருக்கு, இந்தியருக்கு, மற்ற வெளிநாட்டவருக்கு என்று மூன்று விதமான கட்டணம். இந்தியக் கட்டணத்தில் எடுத்தவர்களிடம் அசல் அடையாளம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

காலை விமானமாக எடுங்கள். பிற்பகலில் மேகம் மூடியபின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றுதான்.

8. பொக்காரா–ஜோம்சோம்: இரு பக்கமும் மலை

இங்கே விமானம் சிறியது. ட்வின் ஆட்டர், சுமார் பத்தொன்பது சீட். ஒரு பக்கம் ஒற்றைச் சீட், மறுபக்கம் இரட்டை. பயணம் இருபது நிமிடம். பொக்காராவிலிருந்து மேற்கே கிளம்பி, கோரேபானிக் கணவாய்ப் பக்கமாகத் தாண்டி, காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் வடக்கே திரும்பும். போகும்போது வலப்பக்கத்தில் அன்னபூர்ணாவும் நீலகிரியும். இடப்பக்கத்தில் தௌலாகிரி. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய இரண்டு மலைகளுக்கு நடுவே, அவற்றைவிடத் தாழ்வாகப் போகிறீர்கள்.

போகும்போதும் வரும்போதும் வலப்பக்கமே உட்காருங்கள். போகும்போது அன்னபூர்ணா, திரும்பும்போது தௌலாகிரி, இரண்டையும் பார்த்தாகிவிடும். இறக்கையைத் தாங்கும் கம்பி நடு ஜன்னல்களில் குறுக்கே வரும். முன்னாலோ பின்னாலோ பாருங்கள். சீட் எண் இருக்காது. எடையைச் சமப்படுத்த ஊழியர்கள் உங்களை இடம் மாற்றி உட்காரச் சொன்னால் மறுபேச்சு வேண்டாம்.

எடை இங்கே பெரிய விஷயம். பெட்டி 10 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது வழக்கம். உங்கள் டிக்கெட்டில் போட்டிருப்பதைப் பாருங்கள். மீதியைப் பொக்காரா ஹோட்டலில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஜோம்சோமில் முற்பகலுக்குமேல் பள்ளத்தாக்கில் பலத்த காற்று எழும். அதனால் விமானங்கள் அதிகாலையிலிருந்து சுமார் 11 மணிக்குள் முடிந்துவிடும். முதல் விமானத்தைக் கேளுங்கள். மூன்றாவது, நான்காவது விமானம் என்றால் முன்னவை தாமதமாகும்போது உங்களுடையது ரத்தாகும். ரத்து என்பது இங்கே சாதாரணம். ‘பக்கத்தில்தானே, கொஞ்சம் பார்த்துப் போகலாமே’ என்று ஊழியர்களை நெருக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். இதே பாதையில் 2022 மே 29 அன்று ஒரு ட்வின் ஆட்டர் மலையில் மோதி அதில் இருந்த 22 பேரும் இறந்தார்கள். விமானம் போகாது என்று ஊழியர்கள் சொன்னால் போகாதுதான்.

டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும். ஹோட்டலுக்கும் அடுத்த விமானத்துக்கும் கட்டியது கிடைக்காது. போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்று வழி ஜீப். பொக்காராவிலிருந்து ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க ஆகும்.

9. சீட் கவலையே வேண்டாதவர்களுக்கு

காத்மாண்டுவிலிருந்து தினமும் அதிகாலையில் மலை பார்ப்பதற்கென்றே ஒரு மணி நேர விமானங்கள் கிளம்புகின்றன. கிழக்கே எவரெஸ்ட் (8848.86 மீட்டர்) பக்கம் வரை போய், திரும்பிக் கிளம்பிய இடத்துக்கே வரும். ஜன்னல் ஓரச் சீட்டுகளை மட்டுமே விற்கிறார்கள். போகும்போது இடப்பக்கத்தாருக்கு, வரும்போது வலப்பக்கத்தாருக்கு. யாருக்கும் குறையில்லை. இங்கேயும் பின்வரிசை நல்லது. வானிலை காரணமாக ரத்தானால் மறுநாள் அல்லது பணம் வாபஸ். எனவே காத்மாண்டுவின் கடைசி நாளில் போடாமல் முதல் நாளில் போடுங்கள். இதற்கும் இந்தியருக்குத் தனிக் கட்டணம் உண்டு, கேட்டு வாங்குங்கள். நடக்க முடியாத பெரியவர்களோடு போனால், ஜோம்சோம் ரத்தானாலும் மலை பார்த்த திருப்தி இவர்களுக்கு இதிலேயே கிடைத்துவிடும்.

10. திரும்பும்போது

பொக்காரா–காத்மாண்டு இடப்பக்கம். காத்மாண்டு–தில்லி வலப்பக்கம், எஃப். மாலை விமானம் கிடைத்து, அக்டோபர், நவம்பராகவும் இருந்தால் எஃப் சீட்டுக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. சாயும் வெயிலில் மலை நிறம் மாறும். இருட்டிய பின் கிளம்பும் விமானம் என்றால் பணம் வேண்டாம், எங்கே கொடுத்தாலும் உட்காருங்கள்.

காத்மாண்டுவில் கிளம்பும் விமானங்களும் தாமதமாகும். தில்லியில் சென்னை விமானத்துக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் அன்றிரவு தில்லியில் தங்கிவிட்டு மறுநாள் நண்பகலுக்கு மேல் சென்னை விமானம் போடுவது நல்லது. ஒரு ராத்திரி அறை வாடகை, தவறிப்போன டிக்கெட்டைவிட மலிவு.